விக்கிரவாண்டியில் இறங்கிய மாமா: ஒரு புராஸ்டேட் நிகழ்வு ஆய்வு

2022 டிசம்பர். மார்கழி பிறந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. அதிகாலை நாலு மணிக்கு அத்தையிடமிருந்து போன் வந்தது. "தம்பி, மாமாவுக்கு ஒண்ணுக்கு வரவே மாட்டேங்குது. அடிவயிறு கல்லு மாதிரி இருக்கு. வலி தாங்காம அழுறாருப்பா."

மாமா அழுது நான் பார்த்ததில்லை. என் தாய்மாமா அவர். அரசுப் பேருந்தில் 31 வருடம் நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவர், அப்போது வயது 67. பேத்தியின் காதுகுத்துக்காக அத்தையோடு அருப்புக்கோட்டையிலிருந்து இரவு ஒன்பது மணிப் பேருந்தில் சென்னைக்குக் கிளம்பியிருந்தார். மதுரையில் இறங்கி முயன்றிருக்கிறார், சொட்டுச் சொட்டாகத்தான் வந்திருக்கிறது. திருச்சியில் அதுவும் இல்லை. பேருந்து விக்கிரவாண்டிப் பக்கம் சாலையோர உணவகத்தில் நின்றபோது அவரால் படியிறங்கக்கூட முடியவில்லை. பேருந்துக்காரர்களே 108-ஐ அழைத்துவிட்டார்கள். தங்கள் ஆள் என்று தெரிந்ததும், ஆம்புலன்ஸ் வரும்வரை நடத்துநர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாராம்.

அருகிலிருந்த அரசு மருத்துவமனையில் இளம் மருத்துவர் ஒருவர் வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். தொப்புள் வரை சிறுநீர்ப்பை வீங்கியிருந்தது. மரத்துப்போகும் ஜெல்லியைப் போட்டு ரப்பர் குழாயைச் செலுத்தினார்கள். பையில் இறங்கிய சிறுநீர் 1,200 மில்லி. 400, 500 மில்லி நிறைந்தாலே நமக்கெல்லாம் இருப்புக் கொள்ளாது. வலி நின்றதும் மாமா இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டாராம்.

அந்த மருத்துவர் அத்தையிடம் இரண்டு கேள்வி கேட்டார். "ரொம்ப நாளாவே சிறுநீர் மெதுவாத்தான் போகுதா?" அத்தைக்குப் பதில் தெரியவில்லை. "சளிக்கு ஏதாவது மாத்திரை போட்டாரா?" அதற்குத் தெரிந்திருந்தது. பையிலிருந்து அட்டையை எடுத்துக் காட்டினார். ஒரே நாளில் மூன்று மாத்திரை காலியாகியிருந்தது.

அந்த அட்டையைக் கொடுத்தவன் நான். அருப்புக்கோட்டையில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன், 14 வருடமாக மருந்தாளுநர். முந்தின நாள் காலை மாமா கடைக்கு வந்து, "மாப்ள, மூக்கு ஒழுகுது, ஊருக்குப் போகணும், ஏதாவது குடு" என்றார். கொடுத்தேன். ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மாமா சம்மதித்துத்தான் இதை எழுதுகிறேன். பெயர் மட்டும் வேண்டாம் என்றார், மற்றதெல்லாம் எழுதச் சொன்னார். நடந்ததை முன்னும் பின்னுமாகப் பிரித்துப் பார்த்தால், அந்த இரவு திடீரென்று வந்ததல்ல. சிறுநீர்ப்பைக்குக் கீழே ஆண்களுக்கு இருக்கும் புராஸ்டேட் சுரப்பி வளர்ந்து வழியை அடைப்பது, நாலு வருடமாக எங்கள் எல்லோர் கண்ணுக்கும் முன்னால்தான் நடந்துகொண்டிருந்தது.

நாலு வருடக் கணக்கு

மருத்துவமனையிலிருந்து வந்தபின் அத்தையையும் மாமாவையும் உட்காரவைத்துக் கேட்டேன். சிறுநீரகவியல் மருத்துவர்கள் உலகம் முழுக்கப் பயன்படுத்தும் ஒரு கேள்வித்தாள் இருக்கிறது. ஏழே கேள்விதான். போய் முடித்த பிறகும் மீதி இருப்பதுபோல் தோன்றுகிறதா? இரண்டு மணி நேரத்துக்குள் மறுபடி போக வேண்டியிருக்கிறதா? விட்டு விட்டு வருகிறதா? வந்துவிட்டால் அடக்க முடியவில்லையா? வேகம் குறைந்திருக்கிறதா? முக்க வேண்டியிருக்கிறதா? இரவில் எத்தனை முறை எழுகிறீர்கள்? கடந்த ஒரு மாதத்தை நினைத்து ஒவ்வொன்றுக்கும் பூஜ்யத்திலிருந்து ஐந்து வரை மதிப்பெண் போட வேண்டும். மொத்தம் 35. ஏழு வரை லேசானது, 8 முதல் 19 வரை நடுத்தரம், 20-உம் அதற்கு மேலும் கடுமை.

பேருந்து ஏறுவதற்கு முந்தைய மாதத்தை நினைத்து மாமா போட்ட மதிப்பெண் 24.

தொடங்கியது 2018 கடைசியில் என்று அத்தை சொன்னார். இரவில் ஒரு முறை எழுவார், பிறகு இரண்டு, மூன்று. வீட்டில் எல்லோரும் "சர்க்கரை வந்திருச்சு" என்று முடிவு கட்டினோம். இரத்தப் பரிசோதனையிலும் சர்க்கரை எல்லைக்கோட்டைக் கொஞ்சம் தாண்டித்தான் இருந்தது. மாத்திரை ஆரம்பித்தார், சர்க்கரை கட்டுக்குள் வந்தது, இரவு எழுவது மட்டும் நிற்கவே இல்லை. இங்கே ஒரு சின்ன வித்தியாசத்தைக் கவனித்திருக்க வேண்டும். சர்க்கரை ஏறி அடிக்கடி போகிறவருக்கு ஒவ்வொரு முறையும் நிறையப் போகும், தாகமும் எடுக்கும். புராஸ்டேட் தொல்லை உள்ளவருக்குப் போவது அடிக்கடி, அளவோ கொஞ்சம். ஒரு பழைய அளவுக் குவளையும் நோட்டும் இருந்தால் மூன்று நாளில் இது தெரிந்துவிடும்.

2020, 2021, இரண்டு கோடையிலும் அவருக்கு "நீர்க்கடுப்பு" வந்தது. உடம்புச் சூடு என்று இளநீர், பார்லிக் கஞ்சி, வாழைத்தண்டுச் சாறு எல்லாம் நடந்தன. என் கடையிலிருந்து எரிச்சலுக்கு சிரப் போனது. இரண்டாவது தடவை நுண்ணுயிர்க்கொல்லி மாத்திரையும், சீட்டு இல்லாமலே. எரிச்சல் அடங்கியது. எங்களுக்கு அது போதுமானதாக இருந்தது. பெண்களுக்குச் சிறுநீர்த் தொற்று எளிதில் வரும், அவர்களின் சிறுநீர்த் தாரை, அதாவது சிறுநீர் வெளியேறும் குழாய், குட்டையானது. அறுபது வயது தாண்டிய ஆணுக்கு ஒன்றுக்கு மேல் தடவை தொற்று வந்தால், சிறுநீர்ப்பையில் மிச்சம் தேங்கி நிற்கிறதா என்று ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டும். தேங்கின குட்டையில் கிருமி வளர்வது மாதிரிதான் அது. இதைப் படித்தவன்தான் நானும். சொந்த மாமா வந்து நின்றபோது படிப்பு நினைவுக்கு வரவில்லை.

பிறகு அவர் பயணத்தைக் குறைத்தார். ஓய்வு பெற்றதும் காசி, பத்ரி என்று பட்டியல் போட்டு வைத்திருந்த மனிதர், 2021-இல் கூட்டாளிகள் காசிக்குக் கிளம்பியபோது முழங்கால் வலி என்று சொல்லிவிட்டார். முழங்காலில் ஒன்றுமில்லை. ரயிலில் கழிவறை வரிசையில் நிற்க வேண்டுமே என்ற பயம். கல்யாண மண்டபத்துக்குப் போனால் முதலில் கழிவறை எந்தப் பக்கம் என்று பார்ப்பார். வெள்ளை வேட்டி கட்டுவதை விட்டு அடர் நிறப் பேன்ட்டுக்கு மாறினார். கடைசிச் சொட்டு நின்று வந்து துணியில் பட்டுவிடும். ஒன்றிரண்டு முறை யாரோ பார்த்துவிட்டதாக அவருக்குத் தோன்றியிருக்கிறது. பேன்ட் போட்ட மாமாவை "இளவட்டமாயிட்டாரு" என்று நாங்கள் கேலி செய்தோம்.

எல்லாவற்றிலும் முக்கியமான அறிகுறி, அத்தை தயங்கித் தயங்கிக் கடைசியில் சொன்னது. 2022 ஆடி மாதத்திலிருந்தே சில நாள் விடிகாலையில் மாமா கைலியைத் தானே துவைத்துக் காயப்போட்டுவிடுவாராம். படுக்கை நனைந்திருக்கிறது. வலி இல்லை, தெரியாமலே கசிந்திருக்கிறது. வயதானால் இப்படித்தான் என்று இருவரும் தனித்தனியே நினைத்து, ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளவில்லை. வயதான ஆணுக்குப் புதிதாக இரவில் படுக்கை நனைகிறது என்றால், பை முழுதும் நிரம்பி, தாங்காமல் வழிகிறது என்று சந்தேகப்பட வேண்டும். உள்ளே அழுத்தம் ஏறி, சிறுநீரகம் வரை பாதிப்புப் போய்க்கொண்டிருக்கலாம். வலி இல்லாததால்தான் அது இத்தனை ஆபத்து.

உள்ளே என்ன நடந்தது

புராஸ்டேட், தமிழில் சுக்கிலச் சுரப்பி என்றும் எழுதுகிறார்கள். விந்துத் திரவத்தின் ஒரு பகுதியைச் சுரப்பது அதன் வேலை. சிறுநீர்ப்பைக்குக் கீழே, சிறுநீர்த் தாரையைச் சுற்றி மோதிரம் போல உட்கார்ந்திருக்கும். இளவயதில் பெரிய நெல்லிக்காய் அளவு, 20 கிராம் பக்கம். நாற்பது தாண்டியதும் பல ஆண்களுக்கு இது மெல்ல வளரத் தொடங்குகிறது. ஆண்மை இயக்குநீரும் (ஹார்மோன்) வயதும் சேர்ந்து செய்கிற வேலை இது. ஆள் ஏதோ தப்பாக நடந்ததால் வந்த நோய் என்று நினைப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள், அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. அறுபதை எட்டும்போது ஏறக்குறைய பாதி ஆண்களின் சுரப்பியில் இந்த வளர்ச்சி இருக்கும். எண்பதில் பெரும்பாலானோருக்கு. எல்லோருக்கும் தொல்லை கொடுப்பதில்லை என்பதும் உண்மை.

வளர்ச்சி உள்பக்கம், குழாயை ஒட்டிய பகுதியில் நடக்கிறது. குழாய் நெரிபடுகிறது. பை முதலில் விட்டுக்கொடுக்காது, அதன் தசை தடித்து, முக்கித் தள்ளும். அந்தக் காலத்தில்தான் அவசரமும் அடிக்கடி போவதும் வரும். வருடங்கள் போகப் போகத் தசை களைத்துப்போகும். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் மிச்சம் நிற்கும், மிச்சம் கூடிக்கொண்டே போகும். நம் ஊர்ப் பெரியவர்கள் நீரடைப்பு, கல்லடைப்பு, சதையடைப்பு என்று மூன்றையும் பிரித்துச் சொல்வார்கள். மாமாவுக்கு இருந்தது அந்த மூன்றாவது.

பாதி மூடிய அந்தக் கதவை முழுதாகச் சாத்தியது சளி மாத்திரை. கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் சளிக் கூட்டு மாத்திரையில் பாராசிட்டமாலோடு குளோர்பெனிரமினும் பினைல்எப்ரினும் இருக்கும். மூக்கடைப்பைத் திறக்க இரத்தக் குழாய்களைச் சுருக்குவது பினைல்எப்ரின். அதே மருந்து பையின் கழுத்திலும் புராஸ்டேட்டிலும் உள்ள தசையையும் இறுக்கும். குளோர்பெனிரமின் மூக்கொழுகலை நிறுத்தும், கூடவே பைத் தசையின் சுருங்கும் வலிமையைக் குறைக்கும். வாசல் இறுகுகிறது, தள்ளுகிறவனும் சோர்ந்துபோகிறான். இதோடு மார்கழிக் குளிர், குளிரூட்டிய பேருந்து, அடுத்த நிறுத்தம் வரை அடக்கியே பழகிய உடம்பு. 31 வருடம் ஓடுகிற வண்டியில் நின்றவருக்கு அடக்குவது இரண்டாம் இயல்பு.

இந்த மாத்திரை இளைஞருக்குப் பொதுவாக இப்படிச் செய்யாது. எல்லோரும் பயப்பட வேண்டாம். ஆனால் ஏற்கெனவே சிறுநீர் மெதுவாகப் போகிற ஆணுக்கு இது கூடாது. ஒவ்வாமை மாத்திரைகளில் பழைய வகை, மனச்சோர்வுக்கான சில மாத்திரைகள், வயிற்று வலிக்குத் தருகிற சில மருந்துகள் ஆகியவையும் இப்படிச் செய்யக்கூடியவை.

அவசரமாகக் கழற்றிய குழாய்

முதல் மருத்துவமனையில் சரியாகவே செய்தார்கள். குழாய் போட்டபின் ஒரு நாள் முழுக்க வைத்துப் பார்த்தார்கள், ஏனென்றால் நெடுநாள் அடைப்புத் திறந்தவுடன் சிறுநீரகம் கட்டுப்பாடில்லாமல் நீரை வெளியேற்றக்கூடும். மாமாவுக்கு அடுத்த 24 மணி நேரத்தில் நாலு லிட்டருக்கு மேல் போனது, நரம்பில் சலைன் ஏற்றினார்கள். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் இரத்த அளவான கிரியேட்டினின் 2.1, இருக்க வேண்டியதைவிட அதிகம். ஸ்கேனில் இரண்டு சிறுநீரகமும் லேசாக வீங்கியிருந்தன, புராஸ்டேட் 62 கிராம். புராஸ்டேட் தசையைத் தளர்த்தும் டாம்சுலோசின் மாத்திரை எழுதி, குழாயோடு சிறுநீரகவியல் மருத்துவரைப் பார்க்கச் சொல்லி அனுப்பினார்கள்.

காதுகுத்து மாமா இல்லாமலே நடந்தது. ஊருக்கு வந்ததும் மாமா பிடிவாதம் பிடித்தார். பையைத் தொங்கவிட்டுக்கொண்டு தெருவில் நடக்க மாட்டேன் என்றார். அருகில் ஒரு சிறு மருத்துவமனையில் மூன்றாம் நாளே கழற்றிவிட்டார்கள். அன்று சாயங்காலம் நன்றாகத்தான் போனது போல இருந்தது. இரவு பதினொரு மணிக்கு மறுபடி அடைத்துக்கொண்டது, மறுபடி குழாய். சாதாரண அடைப்பில் டாம்சுலோசின் கொடுத்துச் சில நாள் கழித்துக் குழாயைக் கழற்றிப் பார்ப்பது சரியான வழக்கம்தான், பலருக்குத் தானே போகத் தொடங்கிவிடும். மாமாவின் நிலை வேறு. சிறுநீரகம் வரை அழுத்தம் போனவருக்கு அந்தச் சோதனையே கூடாது, நிரந்தர வழி செய்யும்வரை குழாய் இருக்க வேண்டும் என்று பிறகு மதுரையில் பார்த்த சிறுநீரகவியல் மருத்துவர் சொன்னார். அவசரம் மாமாவுடையது. அதற்கு இணங்கியது நாங்கள் எல்லோரும்.

இதே நாட்களில் இன்னொரு குழப்பம். உள்ளூர்ப் பரிசோதனைக் கூடத்தில் முழு உடல் பரிசோதனைத் தொகுப்பு ஒன்று எடுத்தோம், அதில் புராஸ்டேட்டுக்கான இரத்தப் பரிசோதனையான பி.எஸ்.ஏ.வும் இருந்தது. முடிவு 14.6. நாலுக்கு மேல் என்றால் புற்றுநோயா என்று யோசிக்க வேண்டும் என்பது பொதுவான கணக்கு. தாளை முதலில் பார்த்தது மாமாவின் மகன், சென்னையிலிருந்து வந்திருந்தான். அன்றிரவு வீட்டில் யாரும் சாப்பிடவில்லை.

மதுரை மருத்துவர் தாளைப் பார்த்துவிட்டு, எந்தத் தேதியில் எடுத்தது, குழாய் எந்தத் தேதியில் போட்டது என்று மட்டும் கேட்டார். பிறகு தாளை மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டார். பி.எஸ்.ஏ. என்பது புராஸ்டேட் சுரக்கும் ஒரு புரதம். புற்றுநோயில் ஏறும், சாதாரண வீக்கத்திலும் ஏறும், சிறுநீர் அடைத்தாலும் தொற்று வந்தாலும் குழாய் செலுத்தினாலும் தாறுமாறாக ஏறும். அடைப்பும் தொற்றும் தணிந்து ஆறு வாரம் கழித்து எடுத்தால்தான் அந்த எண்ணுக்கு அர்த்தம். ஆறாவது வாரம் எடுத்தபோது 4.3 இருந்தது. அந்தச் சுரப்பியின் அளவுக்கு அது பெரிதல்ல.

கூடவே ஆசனவாய் வழியாக விரலால் தொட்டுப் பார்த்தார். அரை நிமிட வேலை. இதற்குப் பயந்துதான் பாதி ஆண்கள் மருத்துவரிடமே போவதில்லை, மாமாவும் கையெடுத்துக் கும்பிட்டு வேண்டாம் என்றார். மருத்துவர் வற்புறுத்தவில்லை, எதற்காக என்று விளக்கினார். சாதாரண வீக்கம் உள்பக்கம் வளர்வது. புற்றுநோய் பெரும்பாலும் வெளிப்பக்கம், மலக்குடலை ஒட்டிய பகுதியில் தொடங்குகிறது, விரலுக்குக் கல் போலத் தட்டுப்படும். மாமாவுக்கு வழுவழுப்பாக, ஒரே சீராக இருந்தது.

இந்த இடத்தில் நம் ஆட்கள் ஒன்றைத் தலைகீழாகப் புரிந்துவைத்திருக்கிறார்கள், கடையில் தினமும் பார்க்கிறேன். சிறுநீர் சரியாகப் போகவில்லை என்றால் புற்றுநோயோ என்று நடுங்குகிறார்கள், நன்றாகப் போனால் புராஸ்டேட்டுக்கு ஒன்றுமில்லை என்று நிம்மதியாகிறார்கள். சிறுநீர்த் தொல்லையோடு வருகிறவர்களில் பெரும்பாலோருக்குப் புற்றுநோய் இல்லை. புற்றுநோயோ, சிறுநீர்த் தாரையைவிட்டுத் தள்ளி வெளிப்பக்கம் வளர்வதால், ஆரம்பத்தில் எந்தத் தொல்லையும் தராமலே இருக்கும். சிலருக்கு முதல் அறிகுறி, ஓய்விலும் தணியாத முதுகெலும்பு வலியோ இடுப்பெலும்பு வலியோதான். அப்பாவுக்கோ அண்ணன் தம்பிக்கோ அந்தப் புற்றுநோய் இருந்த ஆண்கள் தொல்லை வரும்வரை காத்திருக்கக் கூடாது. 45 வயதிலேயே மருத்துவரிடம் பேசி, பி.எஸ்.ஏ. எடுப்பதா என்று முடிவு செய்வது நல்லது.

ஏழு வாரம்

தொற்று அடங்கவும் சிறுநீரகம் தேறவும் காத்திருந்ததில் குழாயோடு ஏழு வாரம் ஓடியது. நடுவில் ஒரு முறை மாற்றினார்கள். இந்த வாரங்களை வீட்டில் சமாளித்தது அத்தை. சிறுநீர் இறங்கும் பிளாஸ்டிக் பை எப்போதும் அடிவயிற்றுக்குக் கீழே தொங்க வேண்டும், தரையில் படக் கூடாது, பாதிக்கு மேல் நிறைந்தால் காலி செய்ய வேண்டும், குழாய் இழுபடாமல் தொடையில் பிளாஸ்திரி போட்டு ஒட்ட வேண்டும். கோணியில் தைக்கிற மாதிரி ஒரு துணிப் பை தைத்து அதற்குள் அந்தப் பிளாஸ்டிக் பையை வைத்துக் கொடுத்தார், வெளியே போனால் சாமான் வாங்கப் போகிறவர் போல இருக்கும். அதற்குப் பிறகுதான் மாமா டீக்கடை வரை நடக்க ஆரம்பித்தார்.

மாமா ஒரு நோட்டில் எவ்வளவு தண்ணீர் குடித்தார், பையில் எவ்வளவு இறங்கியது என்று நேரம் போட்டு எழுதினார். டிக்கெட் கணக்கு எழுதிய கை, ஒரு மில்லி பிசகாது. பத்தாம் நாள் கிரியேட்டினின் 1.3-க்கு இறங்கியது. நாலு வருடத்தில் முதல் முறையாக இரவில் ஆறு மணி நேரம் ஒரே மூச்சில் தூங்கினேன் என்று சொன்னார். தூக்கமில்லாததால்தான் அவருக்குக் கோபம் அதிகமாகியிருந்தது என்று அப்போதுதான் அத்தைக்குப் பட்டது. சண்டை போட்ட நாட்களை எண்ணி அழுதார்.

மருந்திலேயே சரியாகாதா என்று மாமா கேட்டார். நாலு வருடம் முன்னால் வந்திருந்தால் ஆகியிருக்கலாம் என்பதுதான் பதில். டாம்சுலோசின் போன்றவை தசையைத் தளர்த்தி வழியைத் திறந்துவிடும், சில நாளிலேயே வித்தியாசம் தெரியும். எழுந்து நிற்கும்போது தலைசுற்றலாம், அதனால் இரவில் போடச் சொல்வார்கள். ஃபினாஸ்டரைடு, டூட்டாஸ்டரைடு இரண்டும் சுரப்பியையே சுருக்குபவை, பெரிய சுரப்பிக்கு நல்லது, பலன் தெரிய ஆறு மாதம் ஆகும். அவற்றைத் தொடர்ந்து போடுகிறவரின் பி.எஸ்.ஏ. எண் பாதியாகக் குறைந்து காட்டும், பரிசோதனை எடுக்கும்போது அதைச் சொல்லாவிட்டால் ஏமாந்துபோவோம். மருந்து ஒத்துக்கொண்டு பத்து, பதினைந்து வருடம் நன்றாக இருப்பவர்கள் என் கடையிலேயே பலர். சிறுநீரகம் பாதிக்கப்பட்டவருக்கும், திரும்பத் திரும்ப அடைத்துக்கொள்கிறவருக்கும், சிறுநீர்ப்பையில் கல் சேர்ந்தவருக்கும், சிறுநீரில் இரத்தம் நிற்காதவருக்கும்தான் அறுவை கட்டாயமாகிறது.

அறுவையும் அதற்கு முன் ஒரு பேச்சும்

2023 பிப்ரவரியில் அறுவை. வயிற்றைக் கிழிக்கவில்லை. முதுகில் மரத்துப்போகும் ஊசி போட்டு, சிறுநீர்த் தாரை வழியாகவே கருவியைச் செலுத்தி, மின்சாரக் கம்பி வளையத்தால் அடைத்த சதையைச் சுரண்டிச் சுரண்டி எடுத்தார்கள். இப்போது லேசர் முறையும் பல இடங்களில் உண்டு, மிகப் பெரிய சுரப்பிக்கு அது வசதி. மாமாவின் அளவுக்குப் பழைய முறையே போதும் என்றார் மருத்துவர். முக்கால் மணி நேரம் ஆனது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் சிறுநீரகவியல் பிரிவுகளிலும் இதே அறுவையைச் செய்கிறார்கள். பணமில்லை என்பதற்காக யாரும் குழாயோடு மாதக்கணக்கில் உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை.

அறுவைக்கு முன் மருத்துவர் மாமாவிடம் தனியாகப் பேசினார். நானும் இருந்தேன். இந்த அறுவைக்குப் பிறகு பெரும்பாலானோருக்கு உறவின்போது விந்து வெளியே வராது, பின்பக்கமாகச் சிறுநீர்ப்பைக்குள் போய்ச் சிறுநீரோடு கலந்துவிடும், கெடுதல் இல்லை, விறைப்பு பொதுவாகக் கெடாது என்றார். மாமா தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டார். பிறகு, "அவகிட்டயும் நீங்களே சொல்லிருங்க டாக்டர்" என்றார். அத்தையை உள்ளே அழைத்து அதே வார்த்தைகளைத் திரும்பச் சொன்னார். நான் வெளியே போய்விட்டேன். இந்தப் பேச்சைச் சொல்லாமல் விடுகிற மருத்துவர்களும் இருக்கிறார்கள், பிறகு ஆண்மையே போய்விட்டது என்று நினைத்து உள்ளுக்குள்ளேயே உடைந்துபோனவர்களை எனக்குத் தெரியும். சொல்லிவிட்டால் போதும், பெரும்பாலோர் ஏற்றுக்கொள்கிறார்கள்.

மூன்றாம் நாள் குழாயை எடுத்தார்கள். முதல் முறை போனபோது சத்தம் கேட்டது என்று மாமா சொன்னார். பீங்கானில் விழுகிற சத்தம். அதைக் கேட்டு வருடக்கணக்கானது என்றார்.

வீட்டுக்கு வந்தபின் நாலைந்து வாரம் கனமான எதையும் தூக்கக் கூடாது, மலச்சிக்கல் வரக் கூடாது, இருசக்கர வண்டி கூடாது. உள்ளே புண் ஆறும்போது பத்து, பதினாலாம் நாள் வாக்கில் பொருக்கு உதிர்ந்து சிறுநீர் மறுபடி சிவக்கும். சொல்லியிருந்தபடி பன்னிரண்டாம் நாள் அப்படி ஆனது, நிறையத் தண்ணீர் குடித்தார், மறுநாள் தெளிந்தது. இரத்தம் கட்டிகட்டியாக வந்தாலோ மறுபடி அடைத்தாலோ உடனே வரச் சொல்லியிருந்தார்கள், அப்படி நடக்கவில்லை. எடுத்த சதையின் ஆய்வு முடிவு ஒன்பதாம் நாள் வந்தது. புற்றுநோய் இல்லை.

மூன்றாம் மாதம் அதே ஏழு கேள்விகளைக் கேட்டேன். மதிப்பெண் 5. பையில் மிச்சம் நிற்பது 30 மில்லி. பி.எஸ்.ஏ. 1.1. சுரண்டி எடுத்தது உள்பகுதியை மட்டும்தான், வெளிப்பகுதி அப்படியே இருக்கிறது. ஆகவே அறுவை முடிந்துவிட்டது, இனிப் புற்றுநோய் வராது என்று எண்ணக் கூடாது என்றும், வருடம் ஒரு முறை வந்து காட்ட வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறார்கள்.

பேசுவது பற்றி

2024 ஜனவரி 17. இங்கிலாந்து மன்னர் சார்லஸுக்குப் புராஸ்டேட் வீக்கம், அடுத்த வாரம் சிகிச்சை என்று அரண்மனையே அறிவித்தது. அவருக்கு அப்போது 75. நோய்ப் பெயரை வெளிப்படையாகச் சொன்னதும் அந்த நாட்டு மக்கள் பல மடங்கு அதிகமாக மருத்துவச் சேவையின் இணையப் பக்கத்தில் இதைத் தேடினார்கள். அதே மாதம் அமெரிக்காவில் வேறொன்று தெரியவந்தது. அப்போதைய பாதுகாப்பு அமைச்சர் லாயிட் ஆஸ்டினுக்குப் பரிசோதனையில் புராஸ்டேட் புற்றுநோய் தெரிந்து, 2023 டிசம்பர் 22-இல் அறுவை நடந்தது. ஜனவரி 1-இல் தொற்றும் சிக்கலும் வந்து மீண்டும் மருத்துவமனையில் சேர்ந்தார். நாட்டின் அதிபருக்கே அவர் மருத்துவமனையில் இருப்பது 4-ஆம் தேதிதான் தெரிந்தது, புற்றுநோய் என்பது 9-ஆம் தேதிதான். பிப்ரவரி தொடக்கத்தில் அவர் மன்னிப்புக் கேட்டு, முன்பே சொல்லியிருக்க வேண்டும் என்றார். பெரும்படையை நடத்துகிறவருக்கும் இதை வாய்விட்டுச் சொல்ல அத்தனை கூச்சம் இருந்திருக்கிறது. விடியற்காலையில் கைலி துவைத்த என் மாமாவை நான் எப்படிக் குறை சொல்வேன்?

மன்னர் செய்தியைத் தொலைக்காட்சியில் பார்த்த வாரம் ஓய்வூதியர் கூட்டத்துக்குப் போன மாமா, தன் கதையை எழுந்து நின்று சொல்லியிருக்கிறார். கூட்டம் முடிந்து நாலு பேர் தனித்தனியாக அவரை ஓரம் கூட்டிப்போய்ப் பேசினார்களாம். ஒருவருக்குச் சிறுநீரில் வலியில்லாமல் இரத்தம் வந்து இரண்டு மாதமாகியிருந்தது, சூடு என்று விட்டுவிட்டார். ஒரே ஒரு முறை வந்து நின்றாலும் இரத்தம் என்றால் காட்டியே ஆக வேண்டும், சிறுநீர்ப்பையில் புற்றுநோய் இருந்தாலும் அப்படித்தான் தொடங்கும். மாமா அவரை மறுநாளே மதுரைக்குக் கூட்டிப் போனார். குளிர்க் காய்ச்சலோடு சிறுநீர் எரிந்தாலும், முழுதாக அடைத்துக்கொண்டாலும் மறுநாள்வரைகூடப் பொறுக்கக் கூடாது. அந்த நேரத்தில் வாழைத்தண்டுச் சாறும் இளநீரும் கொடுத்தால் அடைத்த பை இன்னும் நிறையும், வேதனைதான் கூடும்.

என் கடையில் இப்போது ஐம்பது வயது தாண்டிய ஆண் சளி மாத்திரை கேட்டால், கொடுப்பதற்கு முன், "ஐயா, ஒண்ணுக்கு நல்லாப் போகுதா? ராத்திரி எத்தனை தடவை எந்திரிக்கிறீங்க?" என்று கேட்கிறேன். பக்கத்தில் பெண்கள் நின்றால் குரலைத் தாழ்த்திக்கொள்வேன். சிலர் முறைப்பார்கள். பலர் ஒரு நொடி யோசித்துவிட்டு, கவுன்ட்டரில் முழங்கையை ஊன்றிக்கொண்டு பேச ஆரம்பிக்கிறார்கள். சீட்டில்லாமல் சிறுநீர்த் தொற்று மாத்திரை கொடுப்பதை அறவே நிறுத்திவிட்டேன்.

போன வருடம் மாமாவுக்குக் கண்புரை அறுவைக்கு நாள் குறித்தார்கள். டாம்சுலோசின் போட்டவர்களுக்குக் கண்புரை அறுவையின்போது கருவிழித் திரை தளர்ந்து ஆடலாம், மருந்தை நிறுத்திப் பல மாதம் ஆன பிறகும் அப்படி ஆவதுண்டு, முன்கூட்டியே தெரிந்தால் கண் மருத்துவர் அதற்கேற்பத் தயாராகிக்கொள்வார். நான் இதைச் சொல்லக் கடையை மூடிவிட்டு வீட்டுக்குப் போனேன். அத்தை அந்தப் பழைய நோட்டை எடுத்து வந்து முதல் பக்கத்தைக் காட்டினார். மாமாவின் கையெழுத்தில் மருந்தின் பெயர், தொடங்கிய தேதி, நிறுத்திய தேதி. கீழே அத்தையின் கையெழுத்தில், "கண் டாக்டரிடம் மறக்காமல் சொல்லணும்."